கோல்ஃப் ஆடுபவரின் பைக்குள் ஒரே கருவி: யோசனையிலிருந்து உற்பத்திவரை

‘எட்டு வேலைக்கு ஒரே கருவி’ என்ற விளம்பரத்தோடு வரும் கோல்ஃப் சாமான் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாட்டில் திறப்பான், குட்டிக் கத்தி, ஷூ முள் கழற்றும் சாவி, பிரஷ், ஸ்கோர் எண்ணும் சக்கரம் என்று எல்லாம் இருக்கும். வாங்கியவர் இரண்டு வாரம் பெருமையாக வைத்திருப்பார். பிறகு அது கோல்ஃப் பையின் அடியில் போய்ச் சேரும். அவர் பழையபடி பந்து விழுந்த பள்ளத்தை மூட இரண்டு முள் உள்ள ஒரு தகட்டையும், பந்தின் இடத்தைக் குறிக்க ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்துக்கொண்டு ஆடப் போய்விடுவார்.

தோற்றுப்போகும் கருவிகளில் பெரும்பாலானவை வேலைகளைச் சேர்த்துச் சேர்த்துத் தோற்றவை. நம் வீட்டு அரிவாள்மனையை நினைத்துப் பாருங்கள். வெட்டும் அலகின் நுனியிலேயே தேங்காய் துருவியும் உண்டு. அதற்கென்று தனியாகக் கைப்பிடியோ திருகோ கிடையாது. இருக்கிற அலகுதான் நுனியில் வேறு வேலை பார்க்கிறது. பையில் வைக்கும் கருவிக்கும் இதே அளவுகோலைத்தான் நான் சொல்வேன்: புதிய பாகம் கேட்காத வேலை உள்ளே வரலாம், புதிய பாகம் கேட்கும் வேலை வெளியே நிற்கட்டும். இந்த வழிகாட்டி முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

படி 1: கிரீனில் கை என்ன செய்கிறது என்று பாருங்கள்

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் ஒரு மைதானத்துக்குப் போய் ஓரமாக நில்லுங்கள். பந்து கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், விழுந்த பிறகு நடப்பது இது: ஆட்டக்காரர் ஒரு கையில், பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் மட்டையோடு நடந்து வருகிறார். பந்து விழுந்து உண்டாக்கிய பள்ளத்தைத் தேடுகிறார். இன்னொரு கை கால்சட்டைப் பைக்குள் போகிறது. குனிந்து பள்ளத்தைச் சரிசெய்கிறார். பந்துக்குப் பின்னால் அதன் இடத்தைக் குறிக்கும் மார்க்கர் என்ற சிறு வில்லையை வைக்கிறார், பந்தை எடுத்துத் துடைக்கிறார், திரும்ப வைக்கிறார், மார்க்கரை எடுக்கிறார்.

இவ்வளவுக்கும் அவரிடம் காலியாக இருப்பது ஒரே கை. அதில்கூடப் பல நேரம் கையுறையைக் கழற்றிப் பிடித்துக்கொண்டிருப்பார். தன் முறை வந்து தடையின்றி ஆட முடிகிற நிலையில் 40 நொடிக்குள் அடித்துவிட வேண்டும் என்று 2019 முதல் விதிகள் பரிந்துரைக்கின்றன. இரண்டு கை கேட்கிற, திறக்க நகம் தேடுகிற எந்தக் கருவியும் இங்கேயே அடிபட்டுவிடும்.

நம் ஊரில் இன்னொன்றையும் கவனியுங்கள். சென்னை நந்தனம் போன்ற இடங்களில் ஆட்டக்காரரோடு கேடி ஒருவர் பை சுமந்து வருவது வழக்கம். பள்ளத்தை மூடுவது பல நேரம் அவர்தான். வாங்குபவர் ஒருவர், அதை வைத்து வேலை செய்பவர் இன்னொருவர். ஆகவே கேடிகளிடம் பேசாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். எந்தக் கருவி முள் வளைகிறது, எது வழுக்குகிறது, எதன் காந்தம் விழுந்துவிடுகிறது என்று உறுப்பினர்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

படி 2: வேலைகளை எழுதி, விதியை வைத்து அடியுங்கள்

மனதில் தோன்றும் எல்லா வேலைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். முதல் வடிகட்டி கோல்ஃப் விதிகள். விதிகளை வகுப்பவை ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸிலுள்ள ஆர் அண்ட் ஏ-யும் அமெரிக்காவின் யு.எஸ்.ஜி.ஏ-யும்.

மட்டை முகத்தின் வரிப்பள்ளங்களைக் கூர்தீட்டும் கருவி: ஆட்டத்தின் நடுவே மட்டையின் செயல்திறனை வேண்டுமென்றே மாற்றி, அந்த மட்டையால் அடித்தால் 4.1 விதிப்படி தகுதிநீக்கம். அழுக்கை எடுக்கலாம், கூர்தீட்டக் கூடாது. தொலைதூரம் அடிக்க உதவும் டிரைவர் மட்டையின் கோணத்தை மாற்றும் திருகுசாவியும் இதே கதைதான். ஆட்டத்தில் பயன்படுத்த முடியாத சாவிக்குப் பையில் என்ன வேலை? சரிவை அளக்கும் நீர்க்குமிழி மட்டத்தை 4.3 விதி தடுக்கிறது. காற்றின் வேகத்தைக் கருவி வைத்து அளப்பதற்கும் அதே தடைதான். மொத்த அடிகளை எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் முதல் மீறலுக்கு இரண்டு தண்ட அடிகள், மறுபடி மீறினால் வெளியே. திசைகாட்டிக்கு அனுமதி உண்டு. ஆனால் யாருக்கு வேண்டும்?

இரண்டாவது வடிகட்டி, ஒரு சுற்றில் அது எத்தனை முறை தேவைப்படும் என்பது. 18 குழிகளில் ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் தேவைப்படுவன இரண்டுதான்: பள்ளம் மூடும் முள், பந்தின் இடத்தைக் குறிக்கும் மார்க்கர். ஷூ முள் சாவி வருடத்துக்கு ஓரிரு முறை தேவைப்படலாம். இன்று பலர் போடும் ஷூவில் கழற்றும் முள்ளே கிடையாது. பாட்டில் திறப்பான் ஆட்டம் முடிந்த பிறகு, அதுவும் கிளப் மேசையில் ஏற்கெனவே கிடக்கும். கத்தியை வைத்தால் விமானக் கைப்பையில் கொண்டுபோக முடியாது. வெளியூர் போய் ஆடுகிற ஆளின் பிழைப்பைக் கெடுப்பீர்கள்.

ஸ்கோர் எண்ணும் சக்கரம் மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கும். புதிதாக ஆடுபவர்கள் ஒரு குழியில் எத்தனை அடி அடித்தோம் என்பதை நிஜமாகவே மறந்துவிடுவார்கள். ஆனால் அதற்குச் சக்கரம், அச்சு, எண் அச்சிடுதல் என்று மூன்று செலவுகள். பைக்குள் உரசி அது தானாகவே சுழன்றும்விடும். நான் அதை அடித்துவிடுவேன்.

படி 3: அளவுகளை முடிவுசெய்யுங்கள்

விதிகளில் மாறாத சில எண்கள் இருக்கின்றன. அவற்றைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது. குழியின் விட்டம் 108 மி.மீ. முதல் அடிக்குப் பந்தைத் தூக்கி வைக்கும் டீ என்ற சிறு குச்சியின் நீளம் 101.6 மி.மீ.க்கு உட்பட்டது.

பந்தின் எடையை ஏன் சொல்கிறேன் என்றால், கருவி அதைத் தாண்டாமல் இருப்பது நல்ல இலக்கு. ஒரு பந்தைப் பையில் போட்டுக்கொண்டு நடப்பது எவருக்கும் பழக்கப்பட்ட கனம். நீளம் 75, அகலம் 27, தடிமன் 8 மி.மீ. என்று தொடங்குங்கள். பெண்களின் கால்சட்டைப் பைகள் பல ஆழம் குறைந்தவை. 75-ஐத் தாண்டினால் குனியும்போது வெளியே எட்டிப் பார்க்கும்.

படி 4: முள்

கருவியின் உயிர் இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பக்கவாத்தியம். பள்ளத்தைச் சரிசெய்யும் முறை தெரியாமல் முள்ளை வரைய முடியாது. பலர் முள்ளைப் பள்ளத்துக்கு அடியில் விட்டு நெம்பி மேலே தூக்குவார்கள். பார்க்கச் சமமாகிவிட்டது போல இருக்கும். ஆனால் அடியில் புல்லின் வேர் அறுந்துபோய், அந்த இடம் பழுப்பாகிச் சாகும். சரியான முறை: பள்ளத்தின் விளிம்புக்குச் சற்று வெளியே முள்ளைச் சாய்வாகக் குத்தி, புல்லை மையத்தை நோக்கித் தள்ள வேண்டும். சுற்றிலும் நாலைந்து இடத்தில் இப்படிச் செய்துவிட்டு, பட்டர் மட்டையின் அடியால் மெல்லத் தட்ட வேண்டும்.

இதிலிருந்து அளவுகள் தானாகவே பிறக்கும். நீளமான முள் நெம்பத் தூண்டும், ஆகவே 20 முதல் 22 மி.மீ. போதும். இரண்டு முட்களுக்கும் நடுவே 11 மி.மீ. இடைவெளி, ஒவ்வொரு முள்ளும் 3 மி.மீ. அகலம், ஆக மொத்தம் 17 மி.மீ. தடிமன் 2 மி.மீ. எவர்சில்வர் தகடு. நுனி குறுகிப் போகட்டும், ஆனால் ஊசியாக வேண்டாம், 1 மி.மீ. ஆரத்தில் உருட்டிவிடுங்கள். கூரான நுனி மண்ணில் சுலபமாக இறங்குவது போலவே தொடையிலும் இறங்கும்.

முள் வெளியே நீட்டிக்கொண்டே இருக்கலாமா, மடிய வேண்டுமா? கிரீனில் ஆட்டக்காரர் குந்தி உட்கார்ந்து சரிவு பார்ப்பார். நீட்டிய முள் பைத்துணியைத் துளைக்கும். எனவே மடக்கு முள். உறைக்குள் சறுக்கி வெளியே வரும் அமைப்பு காட்சிக்கு அழகு. மணல் புகுந்தால் ஒரே வாரத்தில் சிக்கிக்கொள்ளும். பட்டனை அமுக்கினால் சடக்கென்று ஸ்பிரிங்கில் திறக்கும் வகை சந்தையில் நன்றாக ஓடுகிறது என்பது உண்மை. ஆனால் அது பைக்குள்ளேயே திறந்துகொள்ளும். விமான நிலையத்தில் எக்ஸ்ரே பார்ப்பவர் கண்ணுக்குக் கத்தியாகவும் தெரியும். பேனாக்கத்தி போலப் பக்கவாட்டில் சுழன்று மடியும் எளிய மூட்டே என் தேர்வு.

மூட்டின் அச்சு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் கவனம் வையுங்கள். பள்ளத்தை நோக்கித் தள்ளும்போது விசை கருவியின் தட்டையான முகத்தின்மேல் விழுகிறது. அச்சுக்கம்பி அந்த முகத்துக்குச் செங்குத்தாக நின்றால், தள்ளும் விசை முள்ளை மடக்கப் பார்க்காது. தகட்டின் பலமே அதைத் தாங்கிக்கொள்ளும். அச்சைக் குறுக்காகப் போட்டுக் கதவுக்கீல் மாதிரி செய்தால் ஒவ்வொரு தள்ளலும் மூட்டை மடக்கும். பூட்டு ஒன்று தேவைப்படும். பூட்டு என்றால் இன்னும் இரண்டு பாகம்.

அச்சுக்கு 3 மி.மீ. எவர்சில்வர் கம்பி, இருபுறமும் மெல்லிய நைலான் வாஷர். முள் மடியும் பிளவை 2.4 மி.மீ. அகலத்தில் வையுங்கள், இரண்டு பக்கமும் 0.2 இடைவெளி கிடைக்கும். பிளவின் கடைசியில் ஒரு துளை விட்டால் மணலும் தண்ணீரும் வெளியே போகும். முள்ளின் அடிப்பாகத்தில் கட்டைவிரல் பிடிக்க ஒரு வட்டத் துளை போடுங்கள். குமிழ் வைத்தால் ஒரு பக்கம்தான் பிடி கிடைக்கும். ஊடுருவிய துளை என்றால் இடக்கைக்காரரும் அதே சுலபத்தில் திறப்பார்.

படி 5: மார்க்கரும் காந்தமும்

மார்க்கர் வைக்காமல் கிரீனில் பந்தை எடுத்தால் ஒரு தண்ட அடி. அதனால் இது விழுந்து தொலையக் கூடாது, அதே நேரம் கேட்டவுடன் கையில் வரவும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. சமாதானம் செய்துவைப்பதுதான் இந்தப் படியின் வேலை.

மார்க்கர் விட்டம் 24 மி.மீ., தடிமன் 1.5 என்று வைத்தால் இரும்பில் எடை சுமார் 5 கிராம் வரும். அது உட்காரும் பள்ளம் 24.4 மி.மீ. விட்டம். அடியில் 10 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள நியோடிமியம் காந்தம். எல்லோரும் காந்தத்தைப் பள்ளத்தின் நட்டநடுவில் வைப்பார்கள். பிறகு மார்க்கரை எடுக்க நகத்தால் சுரண்ட வேண்டியிருக்கும். காந்தத்தை மையத்திலிருந்து 4 மி.மீ. ஒரு பக்கம் தள்ளுங்கள். எதிர்ப்பக்க விளிம்பின் அடியில் மட்டும் பள்ளத்தை இன்னும் 1 மி.மீ. சரிவாக ஆழப்படுத்துங்கள். இப்போது அந்த விளிம்பைக் கட்டைவிரலால் அமுக்கினால் மறுபக்கம் காந்தத்தை விட்டு மேலே எழும்பும், இரண்டு விரலில் எடுத்துவிடலாம். கூடுதல் பாகம் ஒன்றுமில்லை. கையுறை போட்ட கைக்கும் இது எளிது.

இழுவிசை அதிகமாகத் தெரிந்தால் சிறிய காந்தம் தேடி அலைய வேண்டாம். காந்தத்தைக் கால் மில்லிமீட்டர் கீழே இறக்கினாலே பிடி தளர்வது கையில் தெரியும். மாதிரி செய்யும்போது நடுவில் காகிதத் துண்டுகளை அடுக்கி, எத்தனை அடுக்கில் சரியாக வருகிறது என்று பார்த்து, அந்தத் தடிமனை வரைபடத்தில் ஏற்றுங்கள்.

உலோகத்தில் ஒரு பொறி இருக்கிறது. எவர்சில்வர் என்றதும் பட்டறைக்காரர் கையில் எடுப்பது 304 ரகம். அது காந்தத்தில் ஏறக்குறைய ஒட்டாது. மார்க்கருக்கு 430 ரகம் கேளுங்கள். துருவும் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது, காந்தத்திலும் ஒட்டும். பித்தளை, வெள்ளி, செம்பு எதுவும் ஆகாது. நம் ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும் எவர்சில்வரில்தான் அடிக்கப்படுகிறது. 2011 வரிசையின் விட்டம் சுமார் 22 மி.மீ., 2019 வரிசையின் விட்டம் 20. மாதிரிக்கு அதையே போட்டுப் பார்க்கலாம். மார்க்கர் தொலைந்தாலும் ஆட்டம் நிற்காது. மார்க்கரை அம்பு மாதிரி நீளமாக்கி, அடிக்க வேண்டிய திசையைக் காட்டும் சாதனமாக மாற்றும் ஆசை வரும். திசை காட்டப் பொருளை வைத்து ஆடுவதை விதிகள் இறுக்கிப் பிடிக்கின்றன. வட்டக் காசாகவே இருக்கட்டும்.

சாதாரண நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நிரந்தரமாகப் பலம் இழக்கும். மேற்பூச்சு உரிந்தால் வியர்வையிலேயே துருப்பிடிக்கும். அதனால் காந்தத்தை எபாக்ஸி பசையில் முழுவதும் மூழ்கடித்து ஒட்டுங்கள். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: கோல்ஃப் ஆடுவோரில் வயதானவர்கள் நிறைய. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் காந்தங்களை அதிலிருந்து 15 செ.மீ. தள்ளியே வைக்க வேண்டும். ஆகவே சட்டைப்பையில் செருகும் கிளிப் வேண்டாம், பெட்டியிலும் இந்த எச்சரிக்கையை அச்சிடுங்கள். ஹோட்டல் அறை அட்டை போன்ற காந்தப்பட்டை அட்டைகளையும் இது அழித்துவிடக்கூடும்.

படி 6: இனாமாகக் கிடைக்கும் வேலைகள்

இருக்கும் உடலின் வடிவத்தைச் சற்று மாற்றி இன்னும் மூன்று வேலைகளை வாங்கிவிடலாம்.

ஒன்று, மட்டைக்குத் தாங்கி. காலைப் பனியில் புல் நனைந்திருக்கும். கிரீனுக்குப் பக்கத்திலிருந்து சிப் என்ற சிறு தூக்கடி அடித்துவிட்டுப் பட்டர் மட்டையை எடுக்கும்போது மற்ற மட்டையைத் தரையில் போட்டால் பிடி ஈரமாகும். முள்ளை விரித்து மண்ணில் குத்தினால் கருவியின் மேல்முனை தரைக்கு மேல் நிற்கும். அந்த முனையில் 16 மி.மீ. அகலம், 4 மி.மீ. ஆழத்தில் ஒரு வளைவு வெட்டினால் மட்டையின் பிடி அதில் சாய்ந்துகொள்ளும். கிரீனுக்கு வெளியேதான் குத்த வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, பந்தில் கோடு போடுவது. பட்டர் மட்டையால் அடிக்கும்போது நேர்பார்க்கப் பலர் பந்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்வார்கள். அதற்கு அனுமதி உண்டு. கருவியின் முதுகுப்பக்கத்தில் 21.5 மி.மீ. ஆரமுள்ள வளைவை, 30 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். ஆழம் சுமார் 6 மி.மீ. வரும். பந்து அதில் அமரும். விளிம்பை ஒட்டிப் பேனாவை ஓட்டினால் பந்துச் சுற்றளவில் ஏறக்குறைய கால்பங்குக்கு நேர்கோடு கிடைக்கும். 27 மி.மீ. அகலத்தில் 6 போக 21 மிச்சம். மடித்த முள்ளுக்கு 17 வேண்டும், ஆகவே சுவருக்கு இடம் இருக்கிறது. இதே வளைவு ஆள்காட்டி விரலுக்குப் பிடியாகவும் ஆகிவிடும்.

மூன்றாவது, மட்டையின் வரிப்பள்ளத்தில் ஒட்டிய மண்ணை எடுப்பது. முள்ளின் நுனியே போதும். பிரஷ்ஷை இதில் ஒட்ட வேண்டாம். பைக்குள் ஈரமும் சேறும்தான் மிஞ்சும். டிரைவரின் வர்ணம் பூசிய தலைப்பக்கம் முள்ளைக் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

படி 7: எதில் செய்வது?

நம் உடல் வடிவத்தின் கனஅளவை வெட்டுகள் போகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 14 கன செ.மீ. அலுமினியத்தின் அடர்த்தி 2.7, ஆகவே 38 கிராம். உருக்கி அச்சில் வார்க்கும் (டை காஸ்டிங்) துத்தநாகக் கலவை 6.6, அதே வடிவம் 92 கிராம். எவர்சில்வர் 8, நூற்றுப்பத்தைத் தாண்டிவிடும். பந்தின் எடையை எல்லையாக வைத்த நமக்கு விடை தெளிவு: உடல் 6061 ரக அலுமினியம், முள்ளும் மார்க்கரும் எவர்சில்வர்.

கடைகளில் கிடைப்பவை பல துத்தநாகக் கலவையில் வருவதற்குக் காரணம் அச்சு ஒன்று செய்துவிட்டால் ஆயிரக்கணக்கில் மலிவாக வார்க்கலாம் என்பதுதான். கனமாக இருந்தால் ‘நல்ல பொருள்’ என்று கையில் எடுத்தவுடன் தோன்றுவதும் ஒரு காரணம். கடையில் அந்தக் கனம் விற்கும். பதினெட்டாவது குழியில் அதே கனம் உறுத்தும்.

அலுமினியத்துக்கு அனோடைசிங் (மேற்பரப்பைக் கெட்டியாக்கி நிறமேற்றும் முறை) போடுங்கள். பளபளப்பு வேண்டாம், மணல் ஊதிய சொரசொரப்பு இருக்கட்டும். சென்னை வியர்வையில் வழவழ உலோகம் கையில் நிற்காது. நிறத்தில் பச்சையைத் தவிருங்கள். புல்லில் விழுந்த பச்சைக் கருவியைத் தேடுவது பொழுதைத் தின்னும். ஆரஞ்சு அல்லது வெளிர் நீலம் நல்லது.

படி 8: மாதிரிகள்

முதல் மாதிரி பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டு. சிரிக்காதீர்கள், பைக்குள் அதன் அளவு எப்படி இருக்கிறது என்பதை இதைவிட மலிவாகக் கண்டுபிடிக்க வழியில்லை. அதை இரண்டு நாள் பையில் போட்டுக்கொண்டு திரியுங்கள், குந்துங்கள், வண்டி ஓட்டுங்கள்.

அடுத்தது முப்பரிமாண அச்சு. ஃப்ரீகேட் போன்ற இலவச மென்பொருளிலேயே இதை வரைந்துவிடலாம். அச்சிடப் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் மலிவு, ஆனால் 60 டிகிரி வாக்கில் இளகும். வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் மதியத்துக்குள் கோணலாகிவிடும். பி.ஈ.டி.ஜி. (PETG) என்ற பிளாஸ்டிக் 80 டிகிரி வரை தாங்கும். முள்ளை மட்டும் நிஜத் தகட்டில் லேசர் வெட்டிப் பொருத்துங்கள், பிளாஸ்டிக் முள் மண்ணைப் பற்றி எதையும் சொல்லாது.

மூன்றாவது மாதிரியை நிஜ உலோகத்தில் செய்யுங்கள். அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் சில்லறை எண்ணிக்கைக்கு, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் கடையும் சி.என்.சி. வேலை எடுத்துச் செய்யும் பட்டறைகள் உண்டு. வரைபடத்தில் எல்லா இடத்திலும் இறுக்கமான டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) எழுதினால் விலை எகிறும். இறுக்கம் வேண்டியவை அச்சுத் துளை, காந்தக் குழி, முள்ளின் பிளவு ஆகிய மூன்று இடங்கள்தான். மற்றவற்றுக்கு 0.2 மி.மீ. ஏற்ற இறக்கம் தாராளமாகப் போதும். எல்லா விளிம்பிலும் பிசிறு எடுத்து அரை மில்லிமீட்டர் உருட்டச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது பட்டறையில் நிற்காது.

படி 9: சோதனை

வாரம் இரண்டு ஆட்டம் ஆடுபவர் வருடத்துக்கு நூறு சுற்று ஆடுவார். ஒரு சுற்றில் 18 முறை திறந்தால் 1,800. மூன்று வருடம் உழைக்க வேண்டுமென்றால் மூட்டு 5,400 முறை திறந்து மூடியும் தளரக் கூடாது. ஒரு சின்ன மோட்டாரை வைத்து இதை ஓட்டலாம், இல்லையென்றால் டி.வி. பார்க்கும் வீட்டு ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

பிறகு சலவை இயந்திரம். இந்த மாதிரிச் சாமான்கள் கால்சட்டையோடு சேர்ந்து ஒருநாள் துவைபடத்தான் போகின்றன. சுற்று முடிந்து எடுக்கும்போது மார்க்கர் பள்ளத்திலேயே இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றிச் சில நாள் வைத்துத் துரு பாருங்கள். இடுப்பு உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் எல்லா முனையிலும் விழச் செய்யுங்கள். மே மாத வெயிலில் மூடிய காருக்குள் விட்டு, மாலையில் காந்தத்தின் பிடியையும் பசையையும் சரிபாருங்கள்.

மண்ணையும் மாற்றிப் பாருங்கள். மழை ஊறிய ஊட்டி மண்ணில் எந்த முள்ளும் வெண்ணெயில் இறங்குகிற மாதிரிப் போகும். கோடையில் இறுகிய சமவெளி மண்தான் நிஜப் பரீட்சை. கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு பையில் கைவிட்டு, முள் எந்தப் பக்கம், மார்க்கர் எந்தப் பக்கம் என்று தடவியே சொல்ல முடிகிறதா என்று நாலு பேரிடம் கேளுங்கள். மாதிரியைப் பிறரிடம் கொடுப்பதற்கு முன் மட்டும் அடுத்த படியைப் படித்துவிடுங்கள்.

படி 10: காட்டுவதற்கு முன் பதிவு

கோல்ஃப் பையிலேயே மிகச் சிறிய சாமானான டீயின் கதை இதற்குப் போதுமான பாடம். 19-ஆம் நூற்றாண்டில் ஈரமணலைக் கையால் கூம்பாகப் பிடித்துத்தான் பந்தை வைப்பார்கள். பாஸ்டன் நகரின் பல் மருத்துவர் ஜார்ஜ் ஃபிராங்க்ளின் கிராண்ட், ஹார்வர்டில் படித்த கறுப்பினத்தவர், மரக்கட்டையில் ரப்பர் தலை வைத்த டீ ஒன்றுக்கு 1899 டிசம்பர் 12 அன்று அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். எண் 638,920. நண்பர்களுக்குக் கொடுத்தார், வியாபாரமாக்கவில்லை. 1920-களில் நியூ ஜெர்சியின் இன்னொரு பல் மருத்துவர் வில்லியம் லோவல், ‘ரெட்டி டீ’ என்ற சிவப்பு டீயைக் கொண்டுவந்தார். அன்றைய நட்சத்திரம் வால்டர் ஹேகனுக்குப் பணம் கொடுத்து ஆட வைத்தார். டீ பறந்தது, பின்னாலேயே நகல்களும் வந்து குவிந்தன. காப்புரிமை இருந்தும் அவற்றைத் தடுக்க முடியாமல் வழக்குகளில் பணம் கரைந்தது. ஒருவரிடம் பதிவு இருந்தது, சந்தை இல்லை. மற்றவரிடம் சந்தை இருந்தது, காவல் பலிக்கவில்லை.

இந்தியாவில் இரண்டு வழி. கருவியின் தோற்றத்தை 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதியலாம். பாதுகாப்பு 10 வருடம், மேலும் 5 நீட்டிக்கலாம். காந்தத்தைத் தள்ளிவைத்த அமைப்பு போன்ற செயல்முறைக்கு அது உதவாது, அதற்குக் காப்புரிமைதான். முதலில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து, 12 மாதத்துக்குள் முழு விவரம் கொடுக்கலாம். தென்மாநிலங்களுக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. மனுப் போடுவதற்கு முன் பொதுவில் வெளியிட்டுவிட்டால் ‘புதியது’ என்ற தகுதி போய்விடும். இன்ஸ்டாகிராமில் போட்ட படமும் வெளியீடுதான். நான் இங்கே விவரித்த அமைப்பும் இனி எவருக்கும் புதியதல்ல. உங்கள் சொந்தத் திருப்பம் எது என்று பார்த்து அதைப் பதியுங்கள். மாதிரியைச் சோதிக்கக் கொடுக்கும்போது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

படி 11: எண்ணிக்கையும் விற்பனையும்

சில நூறு வரைக்கும் சி.என்.சி. கட்டுப்படியாகும். ஆயிரங்களுக்குப் போனால் அலுமினிய வார்ப்பை யோசிக்கலாம். அச்சுக்கே லட்சங்களில் செலவு. அப்போது வார்த்த துண்டு அச்சிலிருந்து கழன்று வர, சுவர்களுக்கு ஒரு டிகிரி சரிவு கொடுத்து வரைபடத்தைத் திருத்த வேண்டும்.

இந்தச் சாமானில் பெரிய ஆர்டர் தருவது நிறுவனங்களும் போட்டி நடத்துபவர்களும். தங்கள் சின்னம் பொறித்துப் பரிசுப் பையில் போட வாங்குவார்கள். சின்னத்தைக் கருவியின் உடலில் போடச் சம்மதிக்காதீர்கள், மார்க்கரில் போடுங்கள். மார்க்கர் தனித் துண்டு, ஆர்டருக்கு ஏற்ப அதை மட்டும் மாற்றினால் உடல் ஒரே சரக்காகக் கிடங்கில் நிற்கும், விற்காத சரக்கு தேங்காது. லேசரில் பொறிக்க 20 மி.மீ. சமதளம் விட்டுவையுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் மார்க்கர் இரண்டாக வையுங்கள். ஒன்று கட்டாயம் எங்காவது கிரீனில் தங்கிவிடும், அப்போது கேடி தன் நாணயத்தை எடுத்துக் கொடுப்பதற்குள் இரண்டாவது கைக்கு வந்துவிடும்.